இரண்டு விரல் தண்ணீர்

சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கண்ணில் நீர் வழிந்தது, துடைக்கக் கை இல்லை. அப்போதுதான் திருவேங்கடம் சார் ஒரு புது மண்பானையைத் தூக்கிக்கொண்டு நான் சமையலுக்கு உதவி செய்கிற சத்துணவுக் கொட்டகைக்குள் வந்தார்.

"கொஞ்சம் தண்ணி வேணுங்க," என்றார்.

சமையல் பார்க்கிற செல்லக்கிளி அக்கா அடுப்பிலிருந்து திரும்பினாள். "என்ன சார், தை போயி ரெண்டு மாசம் ஆச்சே. இப்ப யாருக்குப் பொங்கல்?"

"பாடத்துக்குங்க. தண்ணி எப்படிக் கொறயுதுன்னு பிள்ளைங்களுக்குக் காட்டோணும்."

"அதுக்குப் பானை எதுக்கு? எங்க லைன் வீட்டுக் கொழாயக் காட்டுங்க. மூணு வாரமா அதத்தான் பாத்துக்கிட்டு இருக்கோம்."

சார் சிரித்தார். பானையைக் கழுத்து வரைக்கும் நிரப்பினார். விளக்குமாற்றிலிருந்து ஒரு குச்சியை உருவி உள்ளே நிறுத்தி, தண்ணீர் தொட்ட இடத்தில் மையால் ஒரு கோடு போட்டார்.

புதுப் பானை. ஊறப்போடாத பானை. முதல் நாள் அதுவே தண்ணீரைக் குடிக்கும். சொல்லலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவர் எம்.எஸ்.சி. படித்தவர். நான் குனிந்து அடுத்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டேன்.

எங்கள் பள்ளிக்கூடம் வால்பாறைக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் இருக்கிறது. முப்பத்தொரு பிள்ளைகள், இரண்டே ஆசிரியர்கள். பெரிய டீச்சர் ஜெபக்கனி. அவருக்கு முப்பத்தாறு வயது. திருவேங்கடம் சாருக்கு நாற்பத்தொன்பது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவைத்து இருபது வருடம் காத்திருந்து கிடைத்த வேலை, இதுதான் முதல் பள்ளிக்கூடம். வந்த அன்றைக்கே, "டீச்சர், வயசப் பாக்காதீங்க. நான் கத்துக்க வந்தவன்," என்றார். சொன்னபடியே இருந்தார். டீச்சர் வகுப்பெடுக்கும்போது கடைசி பெஞ்சில் பிள்ளைகளோடு உட்கார்ந்து நோட்டில் எழுதுவார்.

அன்றைக்குப் பானையை ஜன்னலோரம் வைத்துவிட்டு வந்து டீச்சரிடம் கேட்டார்.

"ஒரு சந்தேகம் டீச்சர். பிள்ளைங்க வீட்டுல தமிழ் இருக்கு, மலையாளம் இருக்கு. ஜார்க்கண்டுக்காரங்க பாஷை வேற, அஸ்ஸாம்காரங்க பாஷை வேற. நான் ஒரு பாஷையில அறிவியல் நடத்தறேன். எத்தனை பேருக்குங்க போய்ச் சேரும்?"

டீச்சர் பானையைப் பார்த்தார். "நாளைக்குக் காலையில பிள்ளைங்களே சொல்லும் சார்."

கொட்டகைக்கும் வகுப்புக்கும் நடுவில் பாதிச் சுவர்தான். மறுநாள் காலையில் நான் அரிசி களைந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சார் குச்சியை எடுத்துப் பார்த்தார். கோட்டுக்குக் கீழே இரண்டு விரல் தண்ணீர் இறங்கியிருந்தது. அவருக்கு ஒரே சந்தோஷம்.

"பாத்தீங்களா! இந்தத் தண்ணி எங்க போச்சு?"

"எலி குடிச்சிருச்சு சார்," என்றான் அழகுதுரை.

"எலிக்கு அவ்வளவு நீளக் கழுத்தாடா?"

பிள்ளைகள் சிரித்தார்கள்.

"வத்திப் போயி சாரே," என்றாள் ஷிஃபானா.

"சரி. வத்தி எங்க போச்சு?"

அப்போது புத்னி எழுந்தாள். ஐந்தாம் வகுப்பு. ஜார்க்கண்டிலிருந்து வந்த சோமாவின் மகள். கேட்டால்கூட எழுந்திருக்காத பிள்ளை, கேட்காமல் எழுந்து நின்றாள்.

"சார், மழை வராது."

வகுப்பே சிரித்தது.

"மழைய யாரு கேட்டா கண்ணு? தண்ணி எங்க போச்சுன்னுதான கேட்டேன்?"

"தண்ணி கீழ போச்சு. மழை வராது. இந்த வருஷம் வராது." வீட்டில் சாவு விழுந்ததைச் சொல்ல வந்த பிள்ளை மாதிரி நின்றாள்.

சார் திட்டவில்லை. அவருக்குத் திட்ட வராது. "அது மூடநம்பிக்கை கண்ணு. அப்படிச் சொல்லக்கூடாது," என்று பொறுமையாகச் சொன்னார். பலகையில் 'ஆவியாதல்' என்று எழுதினார். எல்லாரையும் சொல்ல வைத்தார். பிறகு, "நீ சொல்லு," என்றார்.

"ஆவியாதல்."

"இன்னொருக்கா."

"ஆவியாதல்."

ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னாள். சார் அவள் தோளில் தட்டிக்கொடுத்தார். ஜெபக்கனி டீச்சர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கு அடுத்த நாள் விடிகாலை, நான் தண்ணீருக்குக் குடம் எடுத்துக்கொண்டு போனபோது சோமா வீட்டு வாசலில் மூட்டைகள் இருந்தன. அவர்கள் வீடு எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது. புத்னியின் அம்மா எத்வாரி, பாத்திரங்களைப் பழைய சேலையில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்க எத்வாரி?"

"ஊருக்கு. சனிக்கிழமை ரயிலு. வெள்ளிக்கிழமை பஸ்ல எறங்கறோம்."

"என்ன இப்படித் திடீர்னு?"

"ஸ்கூல்ல பானை வச்சாங்கல்ல? தண்ணி கீழ போயிருச்சு. ரெண்டு விரல்."

எனக்குப் புரியவில்லை. அவள் முடிச்சை இறுக்கிக்கொண்டே சொன்னாள். அவர்கள் ஊரில் இந்த மாதத்தில் சர்ஹுல் என்று ஒரு பண்டிகை. பூசாரி காட்டு மரத்தடியில் பானையில் தண்ணீர் வைத்துவிட்டு வருவார். மறுநாள் காலையில் ஊரே போய்ப் பார்க்கும். தண்ணீர் வைத்தபடி நின்றால் மழை உண்டு. இறங்கினால் இல்லை.

"இங்க பூசாரி இல்ல, அந்த மரமும் இல்ல. நாலு வருஷமா நாங்க வெக்கல. இந்த வருஷம் அதே நாள்ல மாஸ்டர்ஜி வச்சாரு. யாரும் சொல்லாமலே வச்சாரு."

"அதுக்காகப் போறதா?"

"மழை இல்லேன்னா கொழுந்து இல்ல. கொழுந்து இல்லேன்னா எங்களுக்கு இங்க என்ன வேலை? பட்டினி கெடக்கறதுன்னா சொந்த மண்ணுல கெடக்கறோம்."

புத்னி கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். பள்ளிக்கூடப் பை இன்னும் மூட்டைக்குள் போகவில்லை, அவள் கையில்தான் இருந்தது.

"அக்கா," என்றாள். "ஊர்ல ஆறாவது இல்ல. ஆறாவது தூரம். பாபா விட மாட்டாரு."

அவ்வளவுதான் சொன்னாள்.

நான் ஜெபக்கனி டீச்சரிடம் போய்ச் சொன்னேன். சாரும் கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு ஜார்க்கண்டு வீடுகளிலிருந்து ஏழு பிள்ளைகள் வரவில்லை. காலி இடத்தைப் பார்த்தபடி சார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னாலயாங்க டீச்சர்?"

டீச்சர் வருகைப் பதிவேட்டை மூடிவைத்தார்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அறிவியல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு சார், தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கு ஓடினார். எப்போதோ ரயில்வே பரீட்சைக்குப் படித்த இந்தி கொஞ்சம் வைத்திருந்தார். ஒரு மணி நேரம் கழித்துச் சட்டையெல்லாம் வேர்வையில் நனைந்து திரும்பினார்.

"என்ன சொன்னாங்க சார்?" என்று கேட்டார் டீச்சர்.

"ஒக்கார வச்சு டீ குடுத்தாங்க. நான் சொன்னது எல்லாத்தையும் கேட்டாங்க. படத்தக் கூடப் பாத்தாங்க. கடைசியில சோமா கேக்கறாரு, 'மாஸ்டர்ஜி, பானை வச்சது நீங்கதான? கோடு போட்டது நீங்கதான? கொறஞ்சத மொதல்ல பாத்ததும் நீங்கதான? நாங்க வச்சிருந்தாலாவது சந்தேகப்படலாம். ஸ்கூல் பானை பொய் சொல்லுமா?'ங்கறாரு."

செல்லக்கிளி அக்கா சிரித்துவிட்டாள். டீச்சர் சிரிக்கவில்லை.

"நீங்க ஒரு நடை போய்ச் சொல்லுங்க டீச்சர். உங்க பேச்சக் கேப்பாங்க."

"என்னன்னு சொல்ல?"

"பானைக்கும் மழைக்கும் சம்பந்தமே இல்லேன்னு."

"சம்பந்தம் இல்லேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் பிசிக்ஸ் படிச்சவனுங்க டீச்சர்."

"அது தெரியும் சார். வச்சுப் பாத்திருக்கீங்களா?"

"இதுக்கெல்லாம் வச்சுப் பாக்க வேண்டியதே இல்லீங்க. அறிவியல்ல..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். தான் சொன்னது தனக்கே கேட்டுவிட்டது போலிருந்தது.

டீச்சர் என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, சார் பானை நெரப்பும்போது நீ இருந்தியே. நீ என்ன பாத்த?"

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டேன்.

"புதுப் பானை டீச்சர். ஊறப்போடல. அது குடிக்கும்."

"எவ்வளவு குடிக்கும்?"

"ஒண்ணு, ஒன்றரை விரல்."

"சார்கிட்ட ஏன் சொல்லல?"

"அவரு படிச்சவரு."

டீச்சர் சாரைப் பார்த்தார். சார் எழுந்து போய்ப் பானையின் வயிற்றைத் தடவினார். கை ஈரமானது.

"இவ வாயத் தொறக்கறதுக்குள்ள பானையே கரைஞ்சு மண்ணாயிரும் சார்," என்றாள் செல்லக்கிளி அக்கா.

சாருக்கு முகம் தெளிந்தது. "அப்ப இதச் சொல்லீரலாம் டீச்சர்! தண்ணிய பானைதான் குடிச்சுதுன்னு!"

"மறுபடியும் சொல்லப் போறீங்களா?"

சார் விழித்தார்.

"போவோம் சார். நோட்ட எடுத்துக்கோங்க. பேச வேண்டாம்."

நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் போனோம். நான் என் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் போனேன். சோமா அப்போதுதான் செடி வெட்டிவிட்டு வந்து கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தார். பாய் விரித்தார். டீச்சர் பாயில் உட்காரவில்லை. புத்னிக்கு எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"புத்னி, உங்க ஊர்ல பானை எப்படி வெப்பாங்க? எங்களுக்குத் தெரியாது. நீ சொல்லு. சார் எழுதிக்குவாரு."

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். தன் பாஷையில் ஆரம்பித்தாள். முதலில் ஒவ்வொரு சொல்லாக வந்தது. பிறகு வேகம் பிடித்தது. நாலு வருஷம் அக்கம்பக்கத்தில் இருந்ததில் எனக்கும் அது கொஞ்சம் புரியும். எத்வாரியும் நானும் சேர்ந்து அதைத் தமிழாக்கினோம். இவ்வளவு பேச்சு அந்தப் பிள்ளைக்குள் இருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது.

"மெதுவா கண்ணு, மெதுவா," என்றார் சார். படியில் உட்கார்ந்து முட்டியில் நோட்டை வைத்து எழுதினார்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடிவிட்டார்கள். "மாஸ்டர்ஜிக்கு இன்னிக்கு வீட்டுப்பாடம்!" என்றார் சோமா. எல்லாரும் சிரித்தார்கள். சாரும் சிரித்தார்.

பானையை மரத்தடியில்தான் வைக்க வேண்டும். வெயில் பார்க்கக்கூடாது. பக்கத்தில் தீ இருக்கக்கூடாது. ஒரு பானை வைக்கக்கூடாது, இரண்டு வைக்க வேண்டும்.

"ஏன் ரெண்டு?" தலையைத் தூக்காமலே கேட்டார் சார்.

எத்வாரிக்குத் தெரியவில்லை. "வழக்கம்," என்றார் சோமா.

புத்னி கொஞ்ச நேரம் யோசித்தாள். "ஒண்ணு ஓட்டையா இருந்தா?" என்று தமிழில் சொன்னாள்.

சாரின் பேனா நின்றது. தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார்.

"அப்ப நம்ம ஸ்கூல்ல சார் வச்சது?" என்று கேட்டார் டீச்சர்.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"சொல்லு. சார் ஒண்ணும் பண்ண மாட்டாரு."

"தப்பு சார்," என்றாள். "ஜன்னல்ல வெயில் வரும். அப்புறம் ஒரு பானைதான்."

"வேற?" என்றார் டீச்சர். ஆனால் பார்த்தது என்னை.

அத்தனை பேருக்கு நடுவில் நான் பேசியதே இல்லை. பிள்ளையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டேன். "ஊறப்போடாத பானை எத்வாரி. நான் பாத்தேன்," என்றேன்.

எத்வாரி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "பாத்துட்டு சும்மாவா இருந்த!"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். சோமா மட்டும் சிரிக்கவில்லை. "ஊறின பானையா இருந்தாலும் கொறஞ்சுதான் இருக்கும் டீச்சர். மூணு வாரமா ஒரு தூத்தல் இல்ல. எங்களுக்கு மனசுல தெரியுது. டிக்கெட்டும் எடுத்தாச்சு."

"போறவங்கள நான் தடுக்கல அண்ணே. வெள்ளிக்கிழமை ரெண்டு மணிக்குத்தான பஸ்? நாளைக்குப் பானை வெப்போம். புத்னி வெக்கட்டும். இங்க சரியா வெக்கத் தெரிஞ்சது அவ ஒருத்திதான்."

"அது பூசாரி வெக்கறது. பொட்டப் பிள்ளை வெக்கக்கூடாது."

"இது பூசை இல்ல அண்ணே. பூ இல்ல, கோழி இல்ல. பாக்கறதுக்கு மட்டும்."

சோமா கத்தியைத் துடைத்தார். இரண்டு பக்கமும் துடைத்தார்.

"பாக்கறதுக்கு மட்டும்," என்றார்.

எத்வாரி கட்டிய மூட்டை ஒன்றை அவிழ்த்தாள். அதற்குள்ளிருந்து பழைய தண்ணீர்ப் பானையை எடுத்து புத்னியிடம் கொடுத்தாள். எங்கள் வீட்டில் புழங்கிய இன்னொரு பானையை நான் கொடுத்தேன்.

திரும்பி வரும்போது தேயிலைக்கு நடுவில் சார் கேட்டார். "டீச்சர், அவங்க மூடநம்பிக்கைய நாமளே வளத்து விடற மாதிரி ஆயிடாதுங்களா?"

"நோட்டுல என்ன எழுதியிருக்கீங்க? வாசிங்க."

சார் நின்று வாசித்தார். "வெயில் படக்கூடாது. தீ பக்கத்தில் இருக்கக்கூடாது. ஒன்று போதாது, இரண்டு வேண்டும்."

மறுபடி ஒரு தடவை, மனதுக்குள் வாசித்தார்.

"எழுதினது யாரு?"

"நான்தாங்க."

"சொன்னது?"

சார் நோட்டை மூடாமல் கையிலேயே பிடித்தபடி பள்ளிக்கூடம் வரைக்கும் நடந்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம் புத்னி பானைகளை வைத்தாள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் சில்வர் ஓக் மரம் இருக்கிறது. எங்கள் பானையையும் அவர்கள் பானையையும் அதன் அடியில் வைத்தாள். தண்ணீரை அவளே ஊற்றினாள், கோட்டை அவளே போட்டாள். சார் குச்சியை மட்டும் பிடித்துக்கொண்டார்.

பள்ளிக்கூடத்துப் பானை மிச்சம் இருந்தது. மூன்று நாள் தண்ணீரில் இருந்து அதுவும் ஊறியிருந்தது. அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சார், இத அடுப்புக்கிட்ட வெக்கட்டா?"

"தீக்கிட்ட வெக்கக்கூடாதுன்னு நீதான கண்ணு சொன்ன?"

"ஏன் கூடாதுன்னு பாக்க."

சார் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"வையி," என்றார் சார்.

வெள்ளிக்கிழமை காலையில் மூடுபனி. எதிரில் இருக்கிற ஆள் தெரியவில்லை. ஜார்க்கண்டு வீடுகளிலிருந்து எல்லாரும் வந்துவிட்டார்கள். மூட்டை கட்டி வைத்துவிட்டுத்தான் வந்தார்கள்.

மரத்தடிக்கு முதலில் போனார்கள். சோமாவே குச்சியை எடுத்துப் பார்த்தார். கோடு எங்கே இருந்ததோ அங்கேயே தண்ணீர். இரண்டாவது பானையிலும் அப்படித்தான்.

"நின்னிருச்சு!" என்று யாரோ சொன்னார்கள். ஒரு கிழவர் பானையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எத்வாரி அழுதாள்.

சார் டீச்சருக்குப் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னார். "போதுங்க டீச்சர். மழை வரும்னு நம்பீட்டாங்க. இனி போக மாட்டாங்க. பிள்ளை படிப்புத் தப்பிச்சுது. இதோட விட்ருவோம்."

டீச்சர் அவரைப் பார்த்தார்.

புத்னி அங்கே இல்லை. கொட்டகைக்குள் போயிருந்தாள். மூன்றாவது பானையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்து நடுவில் வைத்தாள். குச்சியை அப்பாவிடம் கொடுத்தாள். மூன்று விரல் இறங்கியிருந்தது.

"அது அடுப்புச் சூடு," என்றார் சோமா. "அத விடு."

"அப்ப ஸ்கூல்ல கொறஞ்சது வெயில். அப்புறம் பானை குடிச்சது."

"ஆமா. அதான் தெரிஞ்சு போச்சே."

புத்னி மரத்தைப் பார்த்தாள். பனியைப் பார்த்தாள். வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அவளுக்கு வேண்டியது கிடைத்திருக்கும். அது அவளுக்கும் தெரியும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

"பாபா," என்றாள். "மரத்தடியில தண்ணி நின்னது மழை வரப் போறதாலயா? இல்ல, பனியாலயா?"

அவள் பாஷையில்தான் கேட்டாள். அதை நானோ எத்வாரியோ தமிழில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சார் பானையையும் பனியையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கே புரிந்துவிட்டது.

கிழவருக்குக் கோபம் வந்தது. "நல்லது சொன்ன பானைய ஏன்டி கெடுக்கற?" என்றார்.

சோமா பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

"எங்க அப்பா இதக் கேக்கல," என்றார் கடைசியில். "நானும் கேக்கல."

பிறகு மகளிடம் கேட்டார். சாரிடம் கேட்கவில்லை, டீச்சரிடமும் கேட்கவில்லை. "இது தெரிய எத்தனை நாள் பாக்கணும்?"

புத்னி விரல் விட்டு எண்ணினாள். "பனி வர்ற நாளும் வேணும். வராத நாளும் வேணும். பத்து நாள்."

"டிக்கெட்?" என்றாள் எத்வாரி.

"போகட்டும்," என்றார் சோமா.

கிழவரின் மகனும் மருமகளும் தங்கவில்லை. "சின்னப் பிள்ளை பேச்சக் கேட்டு ரயில விடறான் பாரு," என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இரண்டு மணி பஸ்ஸில் மூட்டைகளை ஏற்றினார்கள். அவர்களோடு எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இரண்டு பேரும் போனார்கள். ஜன்னலிலிருந்து கை காட்டினார்கள். டீச்சரும் கை காட்டினார். வளைவு வரைக்கும் கையைக் கீழே இறக்கவில்லை.

பனி விலகி வெயில் அடித்தது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. வகுப்புக்குள் புத்னி நோட்டில் கோடு போட்டு, முதல் நாள் என்று எழுதிக்கொண்டிருந்தாள். சாரும் டீச்சரும் பாதிச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றார்கள்.

"பயமா இருக்குதுங்க டீச்சர்," என்றார் சார்.

"என்ன பயம்?"

"பத்து நாள் ஆகியும் மழை பெய்யலீன்னா? நாம சொன்னது பொய்யாப் போயிருமே."

"நாம ஒண்ணும் சொல்லலியே சார்," என்றார் டீச்சர். "அவதான கேட்டா."

சார் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அவர் முகத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கலாமென்று சுவருக்கு மேலே நான் எட்டிய நேரம், "ஏ புள்ள, உன் மகன் மொளகாப் பொடி டப்பாவக் கவுத்துட்டான், ஓடியா!" என்று செல்லக்கிளி அக்கா கத்த, நான் பாதியிலேயே திரும்பி ஓடினேன்.